அந்தம்மா சொன்னது வேற மருந்து

நீ அந்த டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தாயா, இல்லையா? இத்தனை வருடம் கழித்தும் இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. உன்னிடமே இரண்டு மூன்று முறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நீ நழுவினாய். இனி கேட்கவும் நீ இல்லை.

கேள்வி போன வாரம் மறுபடி கிளம்பியதற்குக் காரணம் என் மேசையில் இருக்கும் ஒரு கருவி. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. புது பிளாஸ்டிக் வாடை இன்னும் போகவில்லை. நம் ஆஸ்பத்திரியில் டாக்டர்களுக்கும் வார்டு நர்ஸுகளுக்கும் ஆளுக்கொன்று வாங்கப்போகிறார்கள். நோயாளி ஏற்கெனவே போட்டுக்கொண்டிருக்கும் மாத்திரைகளை அதில் தட்டிவிட்டு, நாம் புதிதாக எழுதப்போவதையும் தட்டினால், இரண்டும் ஒத்துப்போகுமா, எந்த அளவு கொடுக்கலாம் என்று சொல்லிவிடும். தலைமை மருந்தாளுநர் என்பதால் வைத்துச் சோதித்துப் பார்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். பெட்டியைப் பிரித்ததும் நான் முதலில் தட்டியது எதை என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வார்ஃபரின். அதன் கீழே கோ-ட்ரைமாக்சசோல். விரலை எடுப்பதற்குள் திரை முழுக்கச் சிவந்துவிட்டது. சேர்த்துக் கொடுக்காதே, ரத்தம் கசியும் என்று ஆங்கிலத்தில் காட்டியது. தமிழ்ப் பக்கமும் உண்டாம். நான் அதைத் திறக்கவில்லை.

அன்றைக்கு அந்த டாக்டரின் கைபேசியில் வராமல் போனது இந்தச் சிவப்புதான்.

திரையைத் தள்ளினால், மருத்துவ ஆலோசகர் என்று போட்டு அவனுடைய படம். முகத்தில் சதை போட்டிருக்கிறது. சிரிப்பு மாறவில்லை. கருவியோடு ஓர் ஒப்பந்தமும் வந்திருக்கிறது. அதன்படி அவன் வாரம் ஒருமுறை மதுரையிலிருந்து வந்து நம் டாக்டர்களுக்குப் பயிற்சி கொடுப்பான். எந்த அறையில் உன்னை நிற்கவைத்தார்களோ அதே மாடி அறையில். வாங்கும் குழுவில் நானும் ஒருத்தி. நாளை அவன் வந்து கருவியை இயக்கிக் காட்டுகிறான். அது முடிந்ததும் நாங்கள் கையெழுத்துப் போட வேண்டும்.

இந்த மடலில் அவனை 'அவன்' என்றுதான் எழுதுவேன். நீ ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. வேலை போன பிறகும் 'சார்' என்றே சொல்லிக்கொண்டிருந்தாய். அது உன் குணம். என் குணம் வேறு.

நான் இங்கே வேலைக்குச் சேர்ந்த அன்றே நீ என்னைச் சீண்டினாய். விருதுநகர் டவுனில் வளர்ந்து, மதுரையில் மருந்தியல் முதுகலை முடித்துவிட்டு, கஞ்சி போட்ட சேலையும் யாரிடமும் பேசாத முகமுமாக வந்து நின்றேன். சீனியர் நர்ஸான நீ வார்டு வாசலில் சாய்ந்துகொண்டு கேட்டாய்: "மருந்துக்குப் படிச்சிருக்கீகளாமே மேடம். எந்தக் கம்பெனியில மருந்து கலக்கப் போறீக?" வார்டே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

இந்தப் பக்கத்தில் மருந்து என்றால் பட்டாசுக்குள் போகிற மருந்துதான். கலக்குகிற மருந்து, வெடிக்குழாயில் செலுத்துகிற மருந்து, அது இருக்கிற மருந்து அறை. 'எங்க வீட்டுக்காரரு மருந்துல இருக்காரு' என்று ஒருத்தி சொன்னால் அவர் மருந்துக்கடையில் இருக்கிறார் என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வாயில் போடுவது மாத்திரை. குத்துவது ஊசி. குடிப்பது டானிக். சிவகாசியைச் சுற்றிப் பிறந்த யாருக்கும் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து வரும் டாக்டர்களுக்குத்தான் தெரியாது. எம். புதுப்பட்டியில் பிறந்த நீ அந்த வேலையை உன்னுடையதாக எடுத்துக்கொண்டாய். புது டாக்டர் யார் சேர்ந்தாலும் படிக்கட்டில் மடக்கிவிடுவாய். "சார், இங்கன வந்து மருந்து எடுக்கிறீகளான்னு கேட்டுராதீக. மாத்திரை என்ன போடுறீகன்னு கேளுங்க."

கேட்பதோடும் விடமாட்டாய். 'பையக் கொட்டு' என்பாய். மஞ்சள் பையோ ஒயர் கூடையோ, எது கையில் இருந்தாலும் கட்டில் மேல் கவிழ்க்க வேண்டும். ஒருமுறை ஒரு பெரியவர் பையிலிருந்து சர்க்கரை மாத்திரையோடு பீடிக்கட்டும் யாருடையதோ ஒரு பல்செட்டும் விழுந்தன. அப்போது பணியில் இருந்த டாக்டர் கைபேசியில் மாத்திரைப் பெயரைத் தட்டிக்கொண்டிருந்தார். நீ முகத்தை மாற்றாமல், "அந்தப் பல்லையும் போட்டுப் பாருங்க சார், ஒத்துக்கிடுதான்னு" என்றாய். அவர் நிஜமாகவே ஒரு நொடி யோசித்தார்.

கைபேசியில் மருந்து விவரம் பார்க்கும் வழக்கம் அப்போதுதான் நம் டாக்டர்களிடம் பரவியிருந்தது. தடிப் புத்தகத்தைப் புரட்டுவதற்குப் பதில் கட்டிலருகே நின்றபடியே தட்டிப் பார்ப்பார்கள். நீ அதற்குச் சோசியம் என்று பெயர் வைத்திருந்தாய். 'சார் சோசியம் பாத்துட்டாரா? எந்தக் கட்டத்துல யாரு இருக்காக?' நான் உன்னோடு சேர்ந்து அதைக் கேலி செய்ததில்லை. மனித ஞாபகத்தை நான் அதிகம் நம்புகிறவள் இல்லை. என் ஞாபகம் உட்பட. கொடுத்ததை வைத்துச் சரியாகச் சொல்கிற ஒன்று கையில் இருப்பது நல்லதுதான் என்று உன்னிடம் வாதாடினேன். 'கொடுக்கிறது யாரு?' என்று கேட்டாய். அன்று அதை வெறும் வாய்ப்பேச்சாக எடுத்துக்கொண்டேன்.

அவன் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பையன். படிப்பு முடிந்து நேராக இங்கே வந்தான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. நோயாளிகளிடம் எரிந்து விழமாட்டான். சாப்பாட்டு நேரத்தில் உன் டப்பாவிலிருந்து கருவாட்டுக் குழம்பை எடுத்துக்கொள்வான், நீயும் அவனுக்கென்று கூடுதலாகக் கொண்டுவருவாய். கைபேசி எப்போதும் இடது கையில். நோயாளி பேசத் தொடங்கினால் அவன் கண் திரைக்குப் போய்விடும். மரியாதைக் குறைவு இல்லை, அவசரம். சொல்லச் சொல்லத் தட்டிக்கொண்டே போனால் நேரம் மிச்சம் என்று நினைத்தான்.

அந்த அம்மாள் தாயில்பட்டிக்காரி. காலில் ரத்தம் கட்டி, மதுரை பெரியாஸ்பத்திரியில் பார்த்து, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் கொடுத்திருந்தார்கள். மாதாமாதம் அங்கிருந்தே வாங்கி வந்துவிடுவார். நம் கவுண்டரில் ஒருநாளும் வாங்கியதில்லை, அதனால் எனக்குத் தெரியாது. குத்தவைத்து உட்கார்ந்து மருந்து செலுத்தும் வேலை காலுக்கு ஆகாது என்று மதுரை டாக்டர் சொன்னதால், அந்த வேலையை விட்டுவிட்டு லேபிள் ஒட்டப் போய்க்கொண்டிருந்தார். கஞ்சி வடிக்கும்போது கையில் கொட்டிக்கொண்டு, அது சீழ் பிடித்து, நம்மிடம் வந்தார். நாத்தனார் பேச்சியம்மாள் கூட வந்திருந்தாள்.

கட்டுப் போடும் அறைக்கு நீ பொறுப்பு. ஆனால் அன்று காலை ஏதோ ஓர் ஆலையில் விபத்து. தீக்காயத்தோடு வந்தவர்கள் வார்டு நிறையக் கிடந்தார்கள், உன்னை அங்கே அனுப்பிவிட்டார்கள். கட்டுப் போடும் அறையில் அவன் மட்டும் இருந்தான். வாசலில் கூட்டம்.

அவன் கேட்டான்: "மருந்து ஏதாவது எடுத்துக்கறீங்களா?"

அந்த அம்மாள் சொன்னார்: "மருந்தெல்லாம் விட்டு எட்டு மாசமாச்சு சார். டாக்டருதான் தொடக்கூடாதுன்னுட்டாரு."

இதற்குப் பிறகு, 'இப்பம் லேபிளுதான் ஒட்டுதேன்' என்றும் சொன்னாராம். அதற்குள் அவன் தட்டிவிட்டான். டாக்டர் சொல்லி மருந்தை நிறுத்தியிருக்கிறார், தற்போது எதுவும் இல்லை. அதன் கீழே கோ-ட்ரைமாக்சசோல். சீழுக்கான மாத்திரை அது. திரை வெள்ளையாகவே இருந்தது. சேர்க்கக்கூடாத எதுவும் அதில் சேரவில்லையே. சீட்டு என் கவுண்டருக்கு வந்தது. என் கீழ் வேலை பார்க்கும் பிள்ளைகள் மாத்திரையை எடுத்துக் கொடுத்தார்கள்.

வீட்டுக்குப் போன அந்த அம்மாள் இரண்டு மாத்திரைகளையும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டார். ஈறில் ரத்தம் வந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் தலைவலி என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக்கசிவு. நம்மிடம் தூக்கி வந்தபோது மிஞ்சியது மூச்சு மட்டும்தான், அதுவும் அன்றே நின்றது. பேச்சியம்மாள் கொண்டுவந்த பையை நீதான் கட்டிலில் கொட்டினாய். வார்ஃபரின் அட்டை விழுந்ததும் நீ அதை எடுத்துக்கொண்டு என் அறைக்கு ஓடி வந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

அந்தக் குடும்பம் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டது. நிர்வாகத்துக்கு ஓர் ஆளைக் காட்ட வேண்டியிருந்தது. டாக்டரைக் காட்டினால் ஆஸ்பத்திரி பெயர் போகும். நர்ஸைக் காட்டினால் நர்ஸ் மட்டும் போவாள். மாடி அறையில் விசாரணை என்று கூப்பிட்டார்கள். மருந்துக்கடைக்கு இதில் வேலை இல்லை என்று என்னைக் கூப்பிடவில்லை. உள்ளே என்ன நடந்தது என்று நீ சொல்லித்தான் தெரியும். அவன் கைபேசியைக் காட்டி, 'நான் கேட்டேன், இல்லைன்னாங்க. இதுல எச்சரிக்கை எதுவும் வரலை. பொறுப்பு சிஸ்டர் மறுபடி சரிபார்த்திருக்கணும்' என்றான். பேச்சியம்மாளிடமிருந்து நடந்ததை நீ கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாய். நீ சொன்னது ஒரே வாக்கியம்: "அந்தம்மா சொன்னது வேற மருந்து சார்."

அதற்கு நம் ஆஸ்பத்திரி டிரஸ்டி என்ன சொன்னார் என்பதை நான் மறக்கவே இல்லை. "மருந்துன்னா மருந்துதானம்மா. அதுல என்ன வேற மருந்து?"

சொன்னது யார்? வெம்பக்கோட்டை ரோட்டில் பட்டாசுக் கம்பெனி நடத்துகிற மனிதர். அப்பா காலத்திலிருந்து மருந்து அறைச் சாவி அவர்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது. சீசன் நேரத்தில் 'மருந்துல ஆள் குறையுது' என்று அவர் போனில் கத்துவதை நாம் இரண்டு பேரும் எத்தனை தடவை கேட்டிருப்போம். அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் நீ சொன்னது விளங்கியது. அவர்கள் எல்லோரும் தமிழ் தெரியாதவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

உன்னை வேலையை விட்டு எடுத்ததும் நான் அவரிடம் போய்ப் பேசினேன். எழுதியும் கொடுத்தேன். 'ஆஸ்பத்திரி பேரு முக்கியம் மேடம்' என்று முடித்துக்கொண்டார். மேலே கொண்டுபோகிறேன் என்று உன்னிடம் வந்தேன். உன் அறையைக் காலி செய்துகொண்டிருந்தாய். ஒரு பிளாஸ்டிக் வாளியில் செருப்பு, சீப்பு, சாமி படம்.

"விடு ஆத்தா. உன் வேலையும் போயிரும். அவரு சின்னப் பிள்ள, பொழைக்கணும்."

அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டேன். அவன் சேர்ந்தபோது வழக்கம்போல அவனிடம் அதைச் சொன்னாயா என்று. சொல்லியிருந்தால் கதையே வேறு. தெரியாமல் நடந்தது என்று அவனால் சொல்ல முடியாது, உன்மேல் பழியும் நிற்காது. நீ வாளியின் கைப்பிடியைச் சரிசெய்துகொண்டே, 'ஞாபகமில்லடி, எத்தன பேருக்குச் சொல்றது' என்றாய். எனக்கு நம்பிக்கை வரவில்லை. கருவாட்டுக் குழம்பு யாருக்கு எந்தக் கிழமை பிடிக்கும் என்பதுவரை நினைவில் வைத்திருந்தவள் நீ.

அதன்பிறகு வெம்பக்கோட்டையில் ஒரு சின்ன கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டிருந்தாய். நான் வந்தால் டீ வாங்கிக் கொடுப்பாய், அவனைப் பற்றிப் பேச விடமாட்டாய். போன வருடம் பஸ்ஸில் போகும்போதே மாரடைப்பு. அந்த அவமானம்தான் உன்னைக் கொன்றது என்று உன் அண்ணி எல்லோரிடமும் சொல்கிறாள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். உனக்குச் சர்க்கரை இருந்தது. ஊரார் பையையெல்லாம் கொட்டிப் பார்த்தாயே தவிர உன் மாத்திரையை ஒழுங்காகப் போட்டதில்லை. எந்தச் சாவுக்கு எது காரணம் என்று அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் எந்த அவமானத்துக்கு யார் காரணம் என்று சொல்ல முடியும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நீ இருந்தவரை 'விடு' என்றாய். இப்போது அதைச் சொல்ல நீ இல்லை.

நாளைக்கு நான் என்ன செய்யப்போகிறேன் என்பதை உன்னிடம் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இயக்கிக் காட்டும்போது நிஜமான ஒரு நோயாளியை வைத்துக் காட்டுங்கள் என்று கருவி விற்கும் கம்பெனிப் பெண்ணிடம் கேட்டேன். நல்ல யோசனை மேடம் என்று துள்ளினாள். நோயாளியையும் நானே பார்த்து வைத்திருக்கிறேன். பேச்சியம்மாள். ரத்த அழுத்தத்துக்கு மாதாமாதம் என்னிடம்தான் மாத்திரை வாங்குகிறாள். அவளும் மூச்சு இரைக்கிறது என்று மருந்து செலுத்துவதை விட்டுவிட்டு இப்போது பட்டாசுப் பெட்டி போடப் போகிறாள். பொய் எதுவும் சொல்லச் சொல்லவில்லை. அவன் கேட்பதற்கு உண்மையைச் சொன்னால் போதும். 'மருந்து எடுத்துக்கறீங்களா' என்று அவன் கேட்பான். 'மருந்த விட்டாச்சு சார்' என்று அவள் சொல்வாள். அவன் எதுவும் இல்லை என்று தட்டுவான். அப்போது நான் எழுந்து, அவள் பையை அந்த மேசையில் எல்லோர் முன்னாலும் கொட்டுவேன். அவனுக்கு விளக்கமும் சொல்வேன். டிரஸ்டி எந்த நாற்காலியில் உட்கார்வார் என்று தெரியும். அவரைப் பார்த்துக்கொண்டேதான் சொல்வேன்.

நோயாளியை இப்படிப் பயன்படுத்தலாமா என்று யோசித்தேன். பேச்சியம்மாளிடமே கேட்டேன். அவள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னாள்: "அம்புட்டுப் பேரு முன்னால அந்தாளு மூஞ்சிய நான் ஒருக்கப் பாக்கணும் மேடம். எங்க மதினி கனவுல வந்து வந்து கேக்காக."

இதில் உனக்கு விருப்பம் இருக்காது என்று தெரியும். கவுண்டர் திறக்கும் நேரமாகிவிட்டது. மீதியை நாளை எழுதுகிறேன்.

*

மறுநாள் நடந்தது இது.

மாடி அறை நிறைந்திருந்தது. டாக்டர்கள், நர்ஸுகள், நான் எதிர்பார்த்த அதே நாற்காலியில் டிரஸ்டி. அவன் என்னைப் பார்த்து, 'நல்லா இருக்கீங்களா மேடம்' என்று கும்பிட்டான். நானும் கும்பிட்டேன். பேச்சியம்மாள் புதுச் சேலை கட்டி, பையை மடியில் இறுக்கிக்கொண்டு அவன் எதிரில் உட்கார்ந்தாள். கருவியின் திரை பெரிதாகச் சுவரில் தெரிந்தது.

அவன் கருவியை மேசையில் வைத்தான். கையில் எடுக்கவில்லை. அவளை நேராகப் பார்த்துக் கேட்டான்:

"மாத்திரை என்னம்மா போடுறீங்க?"

பேச்சியம்மாள் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவன் பொறுமையாக, ஊசி ஏதாவது உண்டா, டானிக் உண்டா, அந்தப் பையைக் கொஞ்சம் காட்டுகிறீர்களா என்று கேட்டுக்கொண்டே போனான். அவள் கொடுத்தாள். அவன் மேசையில் கவிழ்த்தான். ரத்த அழுத்த மாத்திரை, வயிற்றெரிச்சல் மாத்திரை, ஒரு வெற்றிலைச் சுருள். ஒவ்வொன்றாகத் தட்டினான். எல்லாம் சரியாக வந்தது. நர்ஸுகள் கைதட்டினார்கள். நான் போட்ட திட்டம் அத்துடன் முடிந்தது.

அடுத்ததை நான் திட்டமிடவில்லை. பேச்சியம்மாள் அவளாகக் கேட்டாள். "ஏஞ் சார், மருந்து எடுக்கிறீகளான்னு கேக்க மாட்டீகளா?"

அவன் சிரித்தான். இதற்காகவே காத்திருந்தவன் மாதிரி எல்லோரையும் பார்த்துத் திரும்பினான். "அம்மா நல்ல பாயிண்ட் எடுத்துக் குடுத்தாங்க. இந்த ஏரியால மருந்துன்னு கேட்டா இவங்க பட்டாசு மருந்துன்னு நினைச்சுக்குவாங்க. அதனாலதான் இதோட தமிழ்ப் பக்கத்துல மருந்துங்கற வார்த்தையே வராது. மாத்திரை, ஊசி, டானிக் மட்டும்தான். பையை வாங்கிக் கொட்டிப் பாருங்கன்னு ஒரு குறிப்பும் போட்டிருக்கோம். வேற எந்த சாஃப்ட்வேர்லயும் இது கிடையாதுங்க."

அவன் தமிழ்ப் பக்கத்தைத் திறக்க, 'மாத்திரை என்ன போடுகிறீர்கள்' என்ற உன் வாக்கியம் அந்தச் சுவரில் இவ்வளவு பெரிய எழுத்தில் நின்றது. கீழே அந்தக் கம்பெனியின் முத்திரை.

நான் எழுந்து நின்றேன். குரல் உயரவில்லை, உயர்த்தவும் எனக்குத் தெரியாது. "இது உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது டாக்டர்?"

"இங்க சேர்ந்த முதல் வாரமேங்க மேடம். ஒரு சீனியர் சிஸ்டர் இருந்தாங்கல்ல, அவங்கதான் படிக்கட்டுல நிறுத்திச் சொல்லிக் குடுத்தாங்க."

பெருமையாகத்தான் சொன்னான். சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவன் காதில் விழுந்தது. சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு போய்விட்டது.

பேச்சியம்மாள் மேசையில் கிடந்த அட்டைகளைப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்: "அப்பம் எங்க மதினிகிட்ட மட்டும் ஏன் சார் மருந்துன்னு கேட்டீக?"

எந்த மதினி என்று அவன் கேட்கவில்லை. அவள் முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தான் என்று நினைக்கிறேன்.

"அன்னைக்குக் கூட்டம்... மறந்துட்டேங்க" என்றான்.

மறந்ததுதான் உண்மையாக இருக்கும். அதை நான் நம்புகிறேன். விபத்து நடந்த காலையில், வாசலில் கூட்டம் நிற்கும்போது, பிறந்து வளர்ந்த வழக்கத்தில் ஒரு சொல் வாயில் வந்துவிடும். அது யாருக்கும் வரும். மறந்ததற்காக நான் அவனை இத்தனை வருடம் சுமக்கவில்லை. மறந்தது தான்தான் என்று தெரிந்தும், சொல்லிக் கொடுத்தவளைக் கை காட்டினானே, அதற்காகத்தான். நீயும் அது தெரிந்தே அங்கே நின்றிருக்கிறாய். 'உங்ககிட்டச் சொன்னேனே சார்' என்று அந்த அறையில் நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஏன் சொல்லவில்லை? என்னிடம் கூட மறைத்தாயே, அது அவனுக்காகவா, நான் இப்படி ஏதாவது செய்வேன் என்ற பயத்தாலா? ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தது. அதைவிட மோசமான ஒன்று மிஞ்சியிருக்கிறது. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன். இருக்கிறது.

டிரஸ்டி தொண்டையைச் செருமிக்கொண்டு, "அதெல்லாம் முடிஞ்சுபோன விஷயம், டீ வந்திருச்சு பாருங்க" என்றார்.

"ஒங்களுக்கு முடிஞ்சிருச்சு மொதலாளி" என்றாள் பேச்சியம்மாள். பையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். டீயைத் தொடவில்லை.

கையெழுத்துக்கு ஒப்பந்தம் என்னிடம் வந்தது. கருவி நன்றாக இருக்கிறது. ஒரு வாரம் நான் எத்தனை விதமாகத் தட்டியும் அது தவறவில்லை. இப்போது அதற்குள் உன் வாக்கியமும் இருக்கிறது. அதை வேண்டாம் என்று சொன்னால் இன்னொரு தாயில்பட்டிக்காரிதான் போவாள். வாங்கலாம் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். ஆலோசகராக அவன் வாரந்தோறும் வருவது பற்றிய பத்தியை அதற்கு முன்பே குறுக்கே அடித்துவிட்டிருந்தேன். தாள் டிரஸ்டியிடம் போனது. அவர் அந்தக் கோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. மருந்து என்றால் என்ன என்று அவரிடம் எல்லோர் முன்னாலும் கேட்க என் வாய் தயாராக இருந்தது. அது அவருக்கும் தெரிந்தது. அடித்த கோட்டுக்குப் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டுக் கொடுத்தார். அவ்வளவுதான் என் பழி. சின்னதுதான். ஆனாலும் அது எனக்கு ருசித்தது என்பதை உன்னிடம் மறைக்க முடியாது.

பிற்பகல் அவன் கீழே இறங்கி மருந்துக்கடைக் கவுண்டருக்கு வந்தான். மற்றவர்களைப் போல் வரிசையில் நின்றுதான் வந்தான். ஜன்னலுக்குள் குனிந்து, "அந்த சிஸ்டர் இப்ப எங்க இருக்காங்க மேடம்? பார்க்கணும்" என்றான்.

இறந்துவிட்டாய் என்று சொன்னேன். எப்போது என்று கேட்டான். சொன்னேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கண் கலங்கியிருந்தது, அதையும் எழுதத்தான் வேண்டும். பிறகு தயங்கித் தயங்கி, "அவங்க பேரு... சட்டுனு ஞாபகம் வரமாட்டேங்குதுங்க. என்ன பேரு மேடம்?" என்றான்.

உன் டப்பாவிலிருந்து எடுத்துச் சாப்பிட்டவன். நீ சொல்லிக் கொடுத்ததைச் சுவரில் எழுதி விற்கிறவன்.

நான் சொல்லவில்லை. அவன் இன்னொரு முறை கேட்டான். அப்போதும் சொல்லவில்லை. அவனுக்குப் பின்னால் ஒருவர் சீட்டை நீட்டிக்கொண்டிருந்தார். அவனைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அவர் சீட்டை வாங்கினேன்.